ஆப்பிள் தெரியாவிட்டால் இரக்கம் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மனக்கண்ணைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கண்ணை மூடி ஓர் ஆப்பிளை நினைக்க வேண்டும். பளிச்சென்று தெரிந்தால் 5 மதிப்பெண், ஒன்றுமே தெரியாவிட்டால் 1. அதோடு நிறுத்தியிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன். பிறர் துயரத்தைக் காட்சியாகக் காண முடியாதவர்களுக்கு உதவும் குணமும் குறைவு என்று அறிவியல் சொல்வதாக ஒரு வரி. பெற்றோர் இதைப் பிள்ளைகளிடம் நடத்திப் பார்க்கலாம் என்று அடுத்த வரி. இதே தேர்வு அடுத்த வாரம் மாணவர் இணைப்பில் 'இரக்க மதிப்பெண்' என்ற பெயரில் வரப்போகிறது என்று பெட்டிச் செய்தி வேறு.

எனக்கு ஆப்பிள் தெரியாது. காலமான என் அம்மாவின் முகமும் தெரியாது. இரண்டு பக்கமும் மூக்குத்தி, வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு, சிரித்தால் கீழ்வரிசையில் ஒரு பல் முந்திக்கொண்டு வரும் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். புகைப்படத்தைக் காட்டினால் அழுகையும் வரும். கண்ணை மூடினால் மட்டும் இருட்டு. உங்கள் கணக்குப்படி நான் 1 மதிப்பெண்காரி. செவிலியராக இருந்து, கடைசிப் பணிக்காலத்தில் உறுப்புதான ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தவள். மூளைச்சாவு, அதாவது மூளை திரும்ப வராதபடி நின்றுபோய் இயந்திரத்தால் மட்டும் மூச்சு ஓடும் நிலை, அடைந்தவரின் வீட்டாரிடம் போய் உட்கார்ந்து, "உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதிக்கிறீர்களா?" என்று கேட்பதுதான் அந்த வேலை. ஆகவே இரக்கம், உதவி பற்றி நாலு வார்த்தை பேச எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். ஆய்வுகளைத் தேடித் தந்தது என் அண்ணன் மகள், உளவியல் படிக்கிறாள்.

உங்கள் கட்டுரை இரண்டு தனித்தனிச் சண்டைகளை ஒன்றாக ஒட்டவைத்திருக்கிறது. ஒன்று, மனப்படம் என்பது என்ன என்ற சண்டை. மற்றது, மனிதன் பிறருக்கு ஏன் உதவுகிறான் என்ற சண்டை. இரண்டிலுமே இன்னும் தீர்ப்பு வரவில்லை. தீராத இரண்டு வழக்குகளைச் சேர்த்துப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுவது எந்த ஊர் நியாயம்?

முதல் சண்டை பழையது. 1880-இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிவியலாளர் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். இன்று காலை சாப்பிட்ட மேசையை நினையுங்கள், வெளிச்சம் எப்படி, நிறம் எப்படி, எல்லாம் ஒரே நேரத்தில் தெரிகிறதா என்று கேள்விகள். அவருடைய அறிவியல் நண்பர்களில் பலர், அப்படி ஒன்று உண்டென்றே தெரியாது என்று பதில் எழுதினார்கள். அறிவியலாளர்களுக்கே இந்தச் சக்தி குறைவு என்று கால்டன் முடிவு கட்டிவிட்டார். நூறு வருஷத்துக்கு மேல் பாடப்புத்தகங்களில் ஓடிய அந்த முடிவை 2006-இல் ப்ரூவர், ஷோமர்-ஐக்கின்ஸ் என்ற இருவர் சோதித்தார்கள். இன்றைய அறிவியலாளர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள், கால்டனின் பழைய பதில்களையும் திரும்பப் புரட்டினார்கள். அந்த முடிவு நிற்கவில்லை. மனக்கண்ணை அளந்து மனிதரை ரகம் பிரித்த முதல் முயற்சியின் கதி அது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரத்து உளவியலாளர்கள், படமே இல்லாமலும் சிந்தனை ஓடும் என்றார்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டிட்ச்னர் அதை ஒப்பவேயில்லை. அவருக்கு எதை நினைத்தாலும் படம் வரும். 'அர்த்தம்' என்று நினைத்தால்கூட, நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு அள்ளுகரண்டியின் நுனி, மேலே கொஞ்சம் மஞ்சள், அது ஏதோ கருப்பான மெத்தென்ற பொருளைத் தோண்டுவதுபோலத் தெரியும் என்று எழுதிவைத்திருக்கிறார். படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். எனக்கு அர்த்தம் புரியும், அள்ளுகரண்டி வராது. இவர் தலைக்குள் அவர் பார்க்க முடியாது, அவர் தலைக்குள் இவர் பார்க்க முடியாது. அப்புறம் எப்படித் தீரும்? 1913-இல் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் வந்து, மனதுக்குள் நடப்பதைப் பேசுவதே அறிவியல் இல்லை என்று கடையை மூடச் சொன்னார்.

கடை மறுபடி திறந்தது 1970-களில். ஷெப்பர்ட், மெட்ஸ்லர் என்ற உளவியலாளர்கள் சிறு கனசதுரங்களால் ஆன இரண்டு உருவங்களைக் காட்டி, இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டார்கள். திருப்ப வேண்டிய கோணம் கூடக்கூட, பதில் சொல்ல எடுத்த நேரமும் சீராகக் கூடியது. ஆக மனதுக்குள் உருவத்தைச் சுற்றித்தான் பார்க்கிறோம் என்றார்கள். காஸ்லின் என்ற இன்னோர் உளவியலாளர் ஒரு தீவின் வரைபடத்தை மனப்பாடம் செய்யச் சொல்லி, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மனதால் போகச் சொன்னார். தூரம் கூடினால் நேரமும் கூடியது. பிலிஷின் என்ற ஆய்வாளர் இதை மறுத்தார். உள்ளே படம் எதுவும் இல்லை. தூரமாக இருந்தால் நேரமாகும் என்று மனிதருக்குத் தெரியும், தெரிந்ததை வைத்து நடந்துகொள்கிறார்கள் என்பது அவர் வாதம். இந்த வழக்கு இன்னும் நடக்கிறது.

என் போன்றவர்கள் கதைக்குள் வந்தது அதற்கும் பிறகு. இதயக்குழாய் அடைப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பிறகு மனக்கண் அணைந்துபோன ஓய்வுபெற்ற கட்டட அளவையாளர் ஒருவரைப் பற்றி 2010-இல் ஆடம் சீமன் குழுவினர் எழுதினார்கள். படம் போய்விட்டது, ஆனால் அதே 'உருவம் திருப்பும்' சோதனையில் அவர் சரியாகவே விடை சொன்னார். 2015-இல் இந்த நிலைக்கு 'அஃபேன்டேசியா' என்று பெயர் வைத்தார்கள். 2022-இல் வந்த ஒரு ஆய்வின்படி, அறவே படம் வராதவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் கொஞ்சம் குறைவு. மங்கலாக வருபவர்களையும் சேர்த்தால் ஏறக்குறைய நான்கு பேர். இது சும்மா சொல்லிக்கொள்வதும் இல்லை. பளிச்சென்ற வெளிச்சத்தை நினைத்தாலே மற்றவர்களின் கண்மணி சுருங்குகிறது. எங்களுக்கு நிஜ வெளிச்சத்தில் மட்டுமே சுருங்குகிறது.

ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கில் எத்தனை பேர் வருவார்கள் என்று பாருங்கள். அத்தனை பேருக்கும் 'இரக்கம்: 1' என்று அச்சடித்துக் கொடுக்கப் போகிறீர்கள்.

இப்போது என் வேலைக்கு வருகிறேன்.

இளைஞன் ஒருவன் டூவீலரில் விழுந்து தலையில் அடி. ஹெல்மெட் இல்லை. வென்டிலேட்டரில் கிடக்கிறான். டாக்டர்கள் குழு மூளைத்தண்டுச் சோதனைகளைச் செய்து, குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு முறை செய்து, மூளைச்சாவு என்று எழுதுகிறார்கள். அதற்குப் பிறகுதான் நான் போவேன். ஐசியு வாசலில் சொந்தக்காரர்கள் பாயை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். தூக்குவாளியில் வந்த சாப்பாடு தொடப்படாமல் இருக்கும். ஒரு தாய் என்னிடம் கேட்டது: "நெஞ்சு ஏறி ஏறி இறங்குதே, கை சுடுதே, எப்படிம்மா செத்துட்டான்னு சொல்லுதிய?"

அந்தத் தாய்க்குக் கற்பனை குறைவா? கண்ணெதிரே இருக்கும் காட்சிதான் அவளைத் தடுக்கிறது. சூடான கை, ஏறி இறங்கும் நெஞ்சு. அதைத் தாண்டி அவளை அழைத்துப் போவது இன்னொரு படமா? எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஒருவர் அப்படித்தான் சொன்னார். உறுப்பு கிடைத்துப் பிழைக்கப்போகும் ஒரு குழந்தையை அவர்கள் கண்முன் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்றார். எனக்கு அது வராது, நான் செய்யவும் இல்லை. செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்முன் கொண்டுவரும் வித்தை நாம் நினைத்த படத்தோடு நிற்பதில்லை. குழந்தை வந்த வேகத்தில் கத்தியும் வந்துவிடும். "அறுத்து எடுப்பியளே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு எழுந்துபோன பெரியம்மாக்கள், சித்திகள் எத்தனையோ பேர். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. படம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததுதான் தொல்லை.

உங்கள் கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை. அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் டேனியல் பேட்சன் காலமெல்லாம் ஆராய்ந்தது இதைத்தான். பிறர் துன்பத்தைப் பார்க்கும்போது நமக்குள் இரண்டு விஷயம் நடக்கிறது என்பார் அவர். ஒன்று, அவர்மேல் வரும் பரிவு. மற்றது, நமக்கே ஏற்படும் பதைப்பு. பதைப்பு வந்தவன் அந்த இடத்தைவிட்டுப் போகப் பார்ப்பான். பரிவு வந்தவன் நிற்பான். 1981-இல் எலைன் என்ற பெண்ணுக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக டிவியில் காட்டி, "நீங்கள் அவள் இடத்துக்குப் போகிறீர்களா?" என்று கேட்டார்கள். எழுந்து போய்விட வழி இருந்தும், பரிவு மிகுந்தவர்களில் பெரும்பாலோர் அவள் இடத்துக்குப் போகச் சம்மதித்தார்கள். இதுவும் தன்னலம்தான், பார்த்து வந்த வருத்தத்தைப் போக்கிக்கொள்ளவே உதவுகிறார்கள் என்று ராபர்ட் சியால்டினி என்ற இன்னோர் உளவியலாளர் எதிர்வாதம் செய்தார். பத்து வருஷத்துக்கு மேல் இருவரும் மாற்றி மாற்றிச் சோதனை போட்டார்கள். என் ஓட்டு பேட்சனுக்கு. மகனைப் பறிகொடுத்துச் சம்மதக் கையெழுத்துப் போட்ட எந்தத் தகப்பன் முகத்திலும் வருத்தம் குறைந்ததை நான் கண்டதில்லை.

பேட்சன்கூட "அவளை நினைத்துப் பாருங்கள்" என்றுதானே கேட்டார் என்பீர்கள். கேட்டார்தான். பெற்றோரை விபத்தில் இழந்து தம்பி தங்கையை வளர்க்கும் ஒரு மாணவியின் வானொலிப் பேட்டியைப் போட்டு, அவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கச் சொன்னார்கள். அவள் எந்த நிறத்தில் உடுத்தியிருந்தாள், கன்னத்தில் கண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று காணச் சொல்லவில்லை. ஒருவருக்கு எப்படி இருக்கும் என்பது எனக்கும் தெரியும். அதற்கு எனக்குப் படம் தேவைப்பட்டதே இல்லை.

அதே பேட்சன் குழு 1995-இல் செய்த இன்னொரு சோதனை என் துறைக்கு மிக நெருக்கமானது. உயிர்போகும் நோயுள்ள குழந்தைகளுக்கு உதவும் ஒரு அறக்கட்டளை. காத்திருப்போர் பட்டியல் உண்டு. ஷெரி என்ற சிறுமியின் பேட்டியைக் கேட்கவைத்து, அவளைப் பட்டியலில் முன்னுக்குக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார்கள். அவளைவிட அவசரமான பிள்ளைகள் முன்னால் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பட்டும் படாமலும் கேட்கச் சொன்ன குழுவில் சுமார் மூன்றில் ஒருவர்தான் மாற்றினார். அவள் எப்படி உணர்வாள் என்று நினைக்கச் சொன்ன குழுவில் பெரும்பாலோர் மாற்றிவிட்டார்கள். பரிவு வந்தது, நியாயம் போனது. உறுப்புக்காக மாநிலம் முழுக்கக் காத்திருப்பவர்களுக்குப் பதிவு வரிசை இருப்பதும், கொடுத்தவர் யார் வாங்கியவர் யார் என்று ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது என்று விதி இருப்பதும் எதற்காக என்று நினைக்கிறீர்கள்? முகம் தெரிந்தால் நாம் வரிசையைக் குலைப்போம்.

அந்த விதியைப் பற்றி ஒரு தகப்பனாரிடம் பேசியது நினைவிருக்கிறது. சங்கரன்கோவில் பக்கம், செங்கல் சூளையில் வேலை. பேப்பர் கப்பில் டீ ஆறிப்போய்க் கையில் இருக்கிறது.

"யாருக்கு வைப்பிய?"

"பேரு சொல்லக் கூடாது அண்ணாச்சி."

"பொம்பளையா ஆம்பளையான்னாவது?"

"அதுவும் சொல்லமாட்டாங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி. எங்க வீட்லதான் இன்னைக்கு அடுப்பு எரியாது. அங்கயாவது எரியட்டும்" என்றார். அடுத்த மூச்சில், "போஸ்ட்மார்ட்டம் எத்தன மணிக்கு முடியும்? ஊர்ல கெழவி காத்துக்கிட்டு இருக்கா" என்று கேட்டார். யாருக்கு என்றே தெரியாமல் ஒருவர் கொடுத்தார். எந்த முகத்தை அவர் மனக்கண்ணில் பார்த்திருக்க முடியும்?

உண்மையைச் சொன்னால், வீட்டார் மனசு மாறுவதும் மாறாததும் பெரும்பாலும் அவர் கடைசியாகக் கேட்டதுபோன்ற கேள்வியில்தான் இருக்கிறது. போலீஸ் கையெழுத்து எங்கே வாங்க வேண்டும், உடம்பைத் தைத்துக் கொடுப்பார்களா, முகம் பழையபடி இருக்குமா, வண்டி யார் ஏற்பாடு, எப்போது ஊர் போய்ச் சேரலாம். இதற்கெல்லாம் பூசி மெழுகாமல் பதில் சொல்லி, சொன்ன நேரத்துக்குச் செய்துகொடுத்தால் நம்பிக்கை வரும். பெரியப்பாவோ தாய்மாமனோ வந்து சேரும்வரை அவசரப்படுத்தாமல் இருந்தால் இன்னும் நல்லது. 2023-இல் உறுப்புக் கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதை என்று தமிழக அரசு அறிவித்தது, அதுவும் உதவுகிறது.

எனக்கு எதிரான சான்றையும் மறைக்கவில்லை. 2021-இல் ஆஸ்திரேலியாவில் ஜோயல் பியர்சன் குழுவினர், இருட்டறையில் திகில் கதைகளைப் படிக்கவைத்துத் தோலின் வியர்வையை அளந்தார்கள். கடலில் சுறா துரத்துகிறது என்பதுபோன்ற கதைகள். மற்றவர்களுக்கு அளவு ஏறிக்கொண்டே போனது. படம் வராதவர்களுக்கு அசையவில்லை. நிஜப் படங்களைக் காட்டியபோதோ இரு தரப்புக்கும் ஒன்றுபோல் ஏறியது. ஆக, எழுத்தில் படித்த பயங்கரம் எங்கள் உடம்பைச் சீக்கிரம் தொடாது என்பது மெய்தான். கூட வேலைபார்த்த சிஸ்டர்கள் சில கேஸ்களுக்குப் பிறகு தூங்கமுடியாமல் தவிப்பார்கள், நான் தூங்குவேன். 'கல்நெஞ்சு' என்று என் காதுபடப் பேசியவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சோதனை அளந்தது தனக்கு வரும் பயத்தை. அதிலும் பக்கத்தில் ஆளே இல்லாத பயத்தை. எதிரே ஒரு தாய் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு எந்தப் படமும் வேண்டியதில்லை, அவள்தான் இருக்கிறாளே. முன்பின் தெரியாதவருக்குச் சிறுநீரகம் கொடுத்த 19 பேரை அமெரிக்காவில் அபிகெயில் மார்ஷ் ஆராய்ந்தார்; 2014-இல் வெளிவந்தது. பயந்த முகங்களைக் காட்டியபோது அவர்களின் மூளையில் அமிக்டலா என்ற பகுதி மற்றவர்களைவிடக் கூடுதலாக விழித்துக்கொண்டது. காட்டியவை எதிரே இருந்த முகங்கள், நினைத்துக்கொண்ட முகங்கள் இல்லை.

கட்டுரையாளர் நம்பியிருப்பது 2014-இல் கேசரும் ஷாக்டரும் செய்த ஆய்வாக இருக்கலாம் என்று என் அண்ணன் மகள் சொல்கிறாள். ஒருவருக்கு உதவுவதைக் காட்சியாக நினைத்துப் பார்த்தவர்கள், உதவ விருப்பம் கூடியதாகச் சொன்னார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் கூடியது விருப்பம், அதுவும் நினைத்துப் பார்க்க முடிந்தவர்களிடம். ஊன்றுகோல் ஒருவருக்கு உதவுகிறது என்பதால் அது இல்லாதவர் நடக்கவே மாட்டார் என்று ஆகாது. இன்னொன்றையும் பாருங்கள். பரிவை அளக்க உலகெங்கும் பயன்படும் மார்க் டேவிஸின் கேள்வித்தாளில் கற்பனைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. கதாபாத்திரத்தின் இடத்தில் உங்களை வைத்துப் பார்ப்பீர்களா, சினிமா பார்த்த பிறகு நீங்களே அதில் ஒருவராக உணர்வீர்களா என்ற மாதிரிக் கேள்விகள். அவற்றுக்கு நான் 'இல்லை' என்றுதான் எழுதுவேன். பிறகு 'இவளுக்குப் பரிவு குறைவு' என்று கூட்டிப்போட்டால் அது கேள்வித்தாள் செய்த கோளாறு.

பணம் திரட்டும் தொண்டு நிறுவனங்கள் ஒற்றைக் குழந்தையின் படத்தையே போடுவதற்குக் காரணமாகச் சொல்லும் 2007 ஆய்வையும் கட்டுரை தொட்டிருந்தது. கையில் இருந்த 5 டாலரில், மாலி நாட்டு ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் சராசரி 2.38 கொடுத்தார்கள், வெறும் புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் 1.14 மட்டுமே கொடுத்தார்கள் என்ற ஆய்வு அது. அதன் மறுபக்கத்தைத்தான் எழுதவில்லை. 2016-இல் இதுபோன்ற ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்ததில் விளைவு மிகச் சிறியது என்று வந்தது. பின்னர் இதே சோதனையைப் பெரிய அளவில் திரும்பச் செய்தவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த வார மாணவர் இணைப்பில் ஆப்பிள் தேர்வு வரட்டும். பிள்ளைகளுக்கு அது நல்ல வேடிக்கை. தன் தலைக்குள் நடப்பது பக்கத்து பெஞ்சுக்காரன் தலையில் நடக்கவில்லை என்று தெரிந்துகொள்வார்கள். 'இரக்க மதிப்பெண்' என்ற தலைப்பையும் அந்தக் கூட்டல் பெட்டியையும் மட்டும் எடுத்துவிடுங்கள். மிஞ்சும் இடத்தில் மூளைச்சாவு என்றால் என்ன, கோமாவிலிருந்து அது எப்படி வேறு, நெஞ்சு ஏன் ஏறி இறங்குகிறது என்று கால் பக்கம் போடுங்கள். ஐசியு வாசலில்தான் நம் ஜனங்கள் பலர் அதை முதல்முறையாகக் கேள்விப்படுகிறார்கள். எழுத ஆள் வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உறுப்புதான ஒருங்கிணைப்பாளர்,
பாளையங்கோட்டை.